ஆனந்தபூரில் ஓர் ஓவர்சியர்

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, போர்களில் உயிர்நீத்த படைவீரர்களை அமெரிக்கா நினைவுகூரும் நாள். நடைமுறையில் அது கோடையின் முதல் நீண்ட வார இறுதி. கல்லறைகளில் சிறு கொடிகளை நட்டுவிட்டு நாடே நெடுஞ்சாலைக்கு வந்துவிடுகிறது. சென்ற ஆண்டு அந்தப் பெருங்கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோவுக்கு ஏறத்தாழ 440 மைல். ஏழு மணி நேரம் என்று வரைபடம் சொன்னது. ஒன்பதரை மணி நேரம் ஆயிற்று.

வண்டியில் ஐந்து பேர். நாங்கள் இருவர், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபத்தெட்டு வயதில் அப்பா. எங்களில் ஒருவருக்கு அவர் தகப்பனார், மற்றவருக்கு மாமனார். இருவருமே அவரை அப்பா என்றுதான் அழைக்கிறோம் என்பதாலும், இங்கே சொல்லப்போகிற விஷயத்தில் இருவருக்கும் சம பங்கு உண்டு என்பதாலும், யார் எவர் என்று பிரிக்காமல் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

அம்மா காலமாகி அப்போது பதினான்கு மாதங்கள். டிசம்பரில் அப்பாவைச் சுற்றுலா விசாவில் அழைத்து வந்திருந்தோம். அனுமதித்தது ஆறு மாதம். வந்த புதிதில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பிறகு கழிவறையைத் தேடினார். மார்ச் மாதத்தில் ஓர் இரவு வாசற்கதவைத் திறந்துகொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டார். மறதி நோயின் தொடக்கம் என்றார் மருத்துவர். அந்த வருகைக்கும் பரிசோதனைகளுக்கும் நாங்கள் கட்டிய தொகையை எழுதினால் ஊரில் படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். பச்சை அட்டை வாங்கி இங்கேயே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை, அப்படி வந்து குடியேறும் பெற்றோர், ஐந்தாண்டுகள் இங்கே தொடர்ந்து வாழ்ந்த பிறகே பணம் கட்டிப் பெற முடியும். கணக்குப் போட்டோம். ஒவ்வொரு இரவும் போட்டோம். முடிவில் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் அறைக்குச் சொல்லி வைத்தோம். ஜூன் ஒன்பதாம் தேதிக்கு விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. அப்பாவிடமும் சொல்லவில்லை, பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாள் விடுதி பதிவு செய்தோம். அது யாருக்குக் கொடுத்த லஞ்சம் என்று இப்போது நன்றாகவே தெரிகிறது.

அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி கல்லணைக் கால்வாயில் கழிந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் விசாரிப்பார். ஆகவே பிள்ளைகள் சிண்ட்ரெல்லாவின் கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு வர, நாங்கள் அவருக்காக வேறு கதையைத் தயார் செய்துகொண்டு போனோம்.

அது நல்ல கதைதான். வால்ட் டிஸ்னி 1960களின் நடுவில், யார் வாங்குகிறார்கள் என்று தெரியாதபடி வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களை வைத்து, மத்திய ஃபுளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார். பெரும்பகுதி சதுப்பு நிலம். 1966 டிசம்பரில் அவர் இறந்துபோனார். ஓய்வுபெறவிருந்த அண்ணன் ராய், ஓய்வைத் தள்ளிவைத்துத் தம்பி விட்டுச்சென்ற வேலையை ஏற்றுக்கொண்டார். 1971 அக்டோபர் முதல் தேதி பூங்கா திறந்தது. அதற்குத் தம்பியின் முழுப்பெயரையே வைத்த ராய், அந்த டிசம்பரிலேயே காலமானார். சதுப்பை வடிக்கும் பொறுப்பைச் சுமந்தவர் ஜோ பாட்டர் என்ற முன்னாள் ராணுவத் தளபதி. அதற்குமுன் பனாமா கால்வாய்ப் பகுதிக்கு ஆளுநராக இருந்தவர்.

சனிக்கிழமை காலை, கோட்டைக்குப் போகும் படகில் இதையெல்லாம் சொன்னோம். அப்பாவின் முகம் அன்று அத்தனை தெளிவாக இருந்தது.

"இந்த ஏரி வெட்டின ஏரிதானே?"

ஆம் என்றோம். தோண்டிய மண்ணைக் கொண்டு எதிர்க்கரையை மேடாக்கி, அதன்மேல்தான் கோட்டையும் தெருக்களும் நிற்கின்றன. நிலத்தடி நீர் மேலேயே கிடப்பதால் அங்கே சுரங்கம் தோண்ட இயலாது. எனவே ஊழியர்கள் நடமாடும் தாழ்வாரங்களைத் தரைமட்டத்தில் கட்டி, மண்ணைக் கொட்டி மூடி, பார்வையாளர்களின் தெருவை அதற்கு மேலே அமைத்தார்கள். மிதவையின் விசையில் தாமே திறந்து மூடிக்கொள்ளும் மதகுகள் கால்வாய்களில் உள்ளன என்பதையும் சொன்னோம்.

"லஸ்கர் இல்லாமலேயா?" என்றார். சற்று யோசித்து, "அப்போ ராத்திரியிலே ஷட்டரைத் திறந்து விடச் சொல்லி யாரும் வந்து சண்டை போட முடியாது" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் போகாத ஆண்டுகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த சண்டைகளை அவர் அந்தப் படகில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறோம்.

அன்றைய பகல் முழுவதும் வரிசைகளில் கழிந்தது. வரிசையைப் பற்றி இங்கே அதிகம் எழுத ஒன்றுமில்லை. பணம் கட்டினால் குறுகிய வரிசை, கட்டாவிட்டால் நெடிய வரிசை. நம் கோயில்களில் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அப்பாவுக்குச் சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். உட்கார மறுத்தார், பிறகு அதில் எங்கள் பைகளை வைத்து அவரே தள்ளிக்கொண்டு வந்தார், மூன்று மணிக்கு மேல் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை 'அனிமல் கிங்டம்'. 1998இல் திறந்த இந்தப் பூங்காவின் ஆசியப் பகுதிக்கு ஆனந்தபூர் என்று பெயர். உலகத்தில் எங்கும் இல்லாத ஊர். இந்தியா, நேபாளம், தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாவற்றிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்த ஊர். உரிந்த சுண்ணாம்பு, மங்கிய விளம்பரங்கள், மூங்கில் சாரம் கட்டிய கோபுரங்களில் தாவும் குரங்குகள். காளியின் பெயரில் ஒரு படகுச் சவாரி. நம் ஊரின் சிதைவை இத்தனை செலவு செய்து உண்டாக்கியிருக்கிறார்களே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. ஐந்து நிமிடத்தில் எரிச்சல் போய், ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதை நினைத்து மறுபடியும் எரிச்சல் வந்தது.

எவரெஸ்ட் ரயிலில் பிள்ளைகளுடன் எங்களில் ஒருவர் ஏறினார். மற்றவர் அப்பாவுடன் நிழலில் இருந்தார். அந்தச் செயற்கை மலை 200 அடிக்குச் சற்றுக் குறைவு; 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு வைக்க வேண்டியிருக்கும் என்பதால் அப்படி நிறுத்தினார்களாம். இதை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. கோயம்புத்தூர். ஊரில் அப்போது இரவு ஏழரை. முன்பணத்தைச் செவ்வாய்க்குள் அனுப்பாவிட்டால் அறை வேறொருவருக்குப் போய்விடும் என்கிறார் இல்லத்தின் மேலாளர். மலையிலிருந்து ரயில் இரைந்துகொண்டு இறங்குகிறது, அதோடு அலறல்கள். காது கேட்பதற்காகப் பதினைந்து இருபது அடி தள்ளிப் போய் நின்று பேசினோம். அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகவும்தான். நான்கு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது நாற்காலியில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

அடுத்த நாற்பது நிமிடங்களை விரிவாக எழுத மனம் வரவில்லை. அவர் சட்டைப்பையில் எங்கள் எண் எழுதிய சீட்டை வைக்க வேண்டும் என்று முந்தைய இரவே பேசியிருந்தோம், வைக்கவில்லை. அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் பேனா, காலில் செருப்பு என்று ஊழியர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம். எந்த மொழியில் பேசுவார் என்று கேட்டார்கள். மகன் ஓடி ஓடித் தேடினான். மகள் அழுதுகொண்டே எங்களிடம், "தாத்தாவைத் தனியா விட்டுட்டு யாருகிட்டே பேசிட்டிருந்தீங்க?" என்றாள். ஓர் உறவினரிடம் என்று பொய் சொன்னோம்.

புலிகள் இருக்கும் காட்டுப்பாதையில் அகப்பட்டார். மகாராஜாவின் பாழடைந்த வேட்டை மாளிகை என்று அங்கே ஒரு கட்டுமானம் உண்டு. அதன் சுவரோரம் நின்று, இளம் ஊழியர் ஒருவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அங்குள்ள ஊழியர்களின் பெயர்ப்பட்டையில் சொந்த ஊரும் பொறித்திருக்கும். அந்தப் பெண்ணின் ஊர் லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ். மிஸிஸிப்பி ஆற்றுக் கரைகளை எந்தத் துறை பராமரிக்கிறது, வெள்ளம் வந்தால் மணல்மூட்டை யார் அடுக்குவார்கள் என்றெல்லாம் தன் பொதுப்பணித்துறை ஆங்கிலத்தில் அவளைக் கேட்டிருக்கிறார். அவளும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். தன் தாத்தா கரையோரம் வசித்தவர் என்றாளாம்.

எங்களைக் கண்டதும் அப்பா சுவரைத் தட்டிக் காட்டினார். "இது கல் இல்லை. சிமெண்டைப் பூசி, ஈரத்திலேயே கோடு இழுத்திருக்கான். நல்ல கொத்தனார் வேலை. ஆனா இங்கே பாரு, கசிவு மாதிரி கறை வரைஞ்சிருக்கான். மேலே தண்ணி தேங்க இடமே இல்லை. கறை எப்படி வரும்?"

நாங்கள் பேச முடியாமல் நின்றோம். அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"அம்மா எங்கே? காப்பி வாங்கப் போனாளே, இன்னும் காணோம்."

மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பாட்டி வரலை தாத்தா" என்றான். அதற்குமேல் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பா தலையாட்டினார். புலி ஒன்று தண்ணீரில் இறங்கியது. எல்லோரும் அதைப் பார்த்தோம்.

மறுநாள் விடுதியில் ஓர் இரவு மீதமிருந்தும் புறப்பட்டுவிட்டோம். அப்பா முன்னிருக்கையில். ஃபுளோரிடா எல்லையைக் கடக்கும்வரை சாலையோர வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கெங்கே வாட்டம் சரியில்லை என்று சொன்னார். பிறகு உறங்கினார். விழித்தபோது எங்கள் பக்கம் திரும்பாமல், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கோயம்புத்தூர்லே மாடி ரூம் வேண்டாம்னு சொல்லிடுங்க. கீழேயே கேளுங்க. படி ஏற முடியாது."

வால்டோஸ்டா தாண்டும்வரை வண்டியில் யாரும் பேசவில்லை. பிறகு பின்னிருக்கையிலிருந்து மகள் கேட்டாள்:

"கோயம்புத்தூர்லே யாருக்கு ரூம்?"