மச்சான் அனுப்பிய ஆடும் கதிரை

கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்த அன்று கட்டுகஸ்தோட்டையில் நல்ல மழை. பெட்டியை வாப்பா சீமெந்து பேக்கால் மூடிக்கொண்டு முடுக்கு வழியே தூக்கி வந்தார். ராத்தாவின் மகளுக்கு அப்போது மூன்று மாதம். பெட்டிக்குள் பால் மா, சவர்க்காரம், வாப்பாவுக்கு ஒரு டோர்ச் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கதிரை துண்டு துண்டாகக் கிடந்தது.

அறிவுறுத்தல் புத்தகம் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. உம்மா அதை என்னிடம் நீட்டினார். வீட்டில் உயர்தரம் படிப்பவள் நான். அதுவும் உயிரியல் பிரிவு. ஆகவே ஆணி பூட்டுவது முதல் "இது நல்லதா, கெட்டதா" என்று தீர்ப்புச் சொல்வது வரை என் தலையில் விழுந்தது. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே வில்போல வளைந்த இரண்டு இரும்புக் குழாய்கள். அவற்றின் மேல் ஒரு துணி இருக்கை. சிறு பிள்ளைக்கு முதுகைச் சாய்த்து வைக்கலாம். சோறு ஊட்டும்போது ஆடாமலிருக்க, பின்னாலுள்ள காலை இழுத்து ஊன்றலாம். பிள்ளை தானாக உட்காரப் பழகியதும் முதுகை நிமிர்த்தினால் அது சின்னக் கதிரையாகிவிடும். 18 கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருந்தது. ஒரு பெரிய பற்றரி போட்டால் இருக்கை மெல்ல அதிரும். முன்னால் குறுக்குக் கம்பியில் யானை, கிளி, கிலுகிலுப்பை.

முதல் வாரம் என் தீர்ப்பு "மிக நன்று". பிள்ளை கிளியைப் பார்த்துக் காலை உதைக்க, அந்த உதையிலேயே கதிரை ஆடியது. ராத்தா மூன்று மாதங்களுக்குப் பிறகு சுடச்சுடச் சோறு சாப்பிட்டாள். குறையென்றால் இரண்டுதான். எங்கள் வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரை வழுக்கும். ஆட ஆடக் கதிரை அங்குலம் அங்குலமாக நகர்ந்து படிப்பக்கம் போய்விடும். அதனால் பாயின் மேல் வைத்தோம். மற்றது, துணியைக் கழற்றிக் கழுவலாம்தான், ஆனால் இந்த ஊர் மழையில் அது காய மூன்று நாளாகும். அந்த மூன்று நாளும் உம்மம்மாவின் பழைய ஏணையை வளையில் கட்டினோம்.

இரண்டாம் வாரம் ஒரு நாள், ளுஹருக்குப் பிறகு, எல்லோரும் அயர்ந்திருந்த நேரம். ராத்தா பாயில் நல்ல நித்திரை. பிள்ளை கதிரையில் நித்திரை. வார் இறுக்குகிறது என்று பூட்டாமல் விட்டிருந்தோம். நான் பக்கத்தில் இருந்து பௌதிகவியல் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். "கர்... கர்..." என்று மெல்லிய சத்தம் கேட்டது. குறட்டை என்று நினைத்துச் சிரித்தேன். எட்டிப் பார்த்தால் பிள்ளையின் தலை முன்னால் சரிந்து, நாடி நெஞ்சில் முட்டியிருந்தது. ஒரு விரலால் நாடியை உயர்த்தினேன். சத்தம் நின்றது. விரலை எடுத்தேன். மீண்டும் சத்தம். இன்னொரு முறை செய்து பார்த்தேன், அதேதான். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

அன்று பின்னேரம் நூலில் ஒரு திறப்பைக் கட்டித் தொங்கவிட்டு, கொம்பாஸ் பெட்டியிலிருந்த பாகைமானியால் கதிரையின் முதுகை அளந்தேன். எவ்வளவு சாய்த்தாலும் தரையிலிருந்து ஏறத்தாழ 35 பாகை. பிறகு அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தேன். ஆணி பூட்டும் படங்களை மட்டுந்தான் நான் முன்பு பார்த்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: இது நித்திரைக்கானதன்று, பிள்ளை தூங்கிவிட்டால் தட்டையான இடத்துக்கு மாற்றவும், வாரை எப்போதும் பூட்டவும், மேசை, கட்டில் மேல் வைக்க வேண்டாம். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான்தானே.

இரவு கையடக்கத் தொலைபேசியில் தேடிப் படித்தேன். எங்கள் கதிரை வேறொரு கம்பனியுடையது. ஆனால் இந்த வகைக்கு உலகத்தில் பெயர் பெற்றது பிஷர் பிரைஸ். அந்தக் கம்பனியின் இப்படியான ஆடும் கதிரைகளில் 2009க்கும் 2021க்கும் இடையில் குறைந்தது 13 பிள்ளைகள் இறந்ததாக முறைப்பாடு வந்திருக்கிறது என்று, 2022 ஜூனில் அமெரிக்க நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழு அறிவித்து, இவற்றில் பிள்ளையைத் தூங்க விடவேண்டாம் என எச்சரித்தது. அதற்கு முன்னர், 2019 ஏப்ரலில், அதே கம்பனியின் சாய்வான ஆடும் படுக்கைகள் ஏறத்தாழ 47 இலட்சம் திருப்பி அழைக்கப்பட்டிருந்தன. அந்தப் படுக்கைகளோடு தொடர்புபட்ட மரணங்கள் அப்போதே 30ஐத் தாண்டியிருந்தன. 2022 மே மாதம் அங்கே சட்டமும் வந்தது: குழந்தை தூங்குவதற்கென விற்கும் பொருள் 10 பாகைக்கு மேல் சாயக்கூடாது. ஆடும் கதிரை இந்தச் சட்டத்துக்குள் வராது. அது தூங்குவதற்கென விற்கப்படுவதில்லையே! ஆனால் ஆட்டினால் பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்?

காரணம் பெரிய விஞ்ஞானமில்லை. கைக்குழந்தையின் தலை உடம்பின் அளவுக்குப் பார்த்தால் பெரியது, கழுத்துத் தசை பலமில்லை. மூச்சுக்குழாய் பென்சிலை விட மெல்லியது, மென்மையானது. சாய்வில் தூங்கும்போது தலை முன்னால் விழுந்தால் அந்த வழி மடங்கி ஒடுங்கும். அழுது எழுப்பவும் அந்த வயதுப் பிள்ளைக்கு எப்போதும் முடிவதில்லை.

காலையில் ராத்தாவிடம் சொன்னேன். சொன்ன விதம் பிழை. 13 பேர் என்றுதான் தொடங்கினேன்.

"ஒனக்கென்ன தெரியும்? நீ புள்ள பெத்தியா?" என்றாள். "அது தூங்குற நேரந்தான் நானும் தூங்குற. அதையும் பறிச்சிக்கோ."

உம்மா அவள் பக்கம். "ஒங்க எல்லாரையும் ஏணையிலதான் வளத்த. ஒண்டும் ஆகல்ல." எனக்குப் பதில் இருந்தது. ஏணையும் தட்டையில்லை, துணி வளையும்போது நாடி அங்கேயும் நெஞ்சில் முட்டும். ஆனால் உம்மம்மா கையால் தைத்த ஏணையைப் பற்றி அப்போது வாய் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. மச்சானின் கதிரையைக் குறை சொல்ல மட்டும் துணிவு வந்ததே என்று பிறகு யோசித்தேன்.

அடுத்த வாரம் நாலாம் மாதத் தடுப்பூசி. நானும் கிளினிக்குக்குப் போனேன். குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ்ஸிடம் சிங்களத்தில் கேட்டேன், தொலைபேசியில் எடுத்த படத்தையும் காட்டினேன். மிஸ் என்னைப் பார்க்காமல் ராத்தாவைப் பார்த்துத்தான் பேசினார். மல்லாக்கப் போடுங்கள், தட்டையான, கெட்டியான மெத்தையில், தலையணை வேண்டாம். ஆடும் கதிரை விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. ஏணையைப் பற்றி நான் கேட்காமலே, அதிலும் இரவில் விடவேண்டாம் என்றார். பிறகு, "நீங்க தூங்குறீங்களா மகள்?" என்று தமிழில் கேட்டார். ராத்தா அங்கேயே அழுதுவிட்டாள்.

எனக்கு அந்தக் கேள்விதான் தோன்றியிருக்கவில்லை. பாகை அளந்தேன், இறப்புகளை எண்ணினேன். அந்தக் கதிரை எங்கள் வீட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று நான் அளக்கவில்லை. மச்சான் கட்டாரில். உம்மாவுக்கு மூட்டு வலி. வாப்பா விடியுமுன் கடைக்குப் போகிறவர். இரவில் ராத்தாவுக்கு ஒத்தாசையாக இருந்தது அந்த இரும்பும் பற்றரியும்தான். அதை எடுத்தால் அதன் வேலையை யாராவது செய்யவேண்டும்.

மூன்று மணியிலிருந்து சுபஹ் வரை நான் எடுத்துக்கொண்டேன். மெத்தையில் போட்டால் பிள்ளை முதல் மூன்று இரவும் கத்தியது. தோளில் போட்டு, தூங்கிய பிறகு மெல்ல மல்லாக்க வைத்தால், முதுகு மெத்தையில் பட்டதும் கண் திறக்கும். மறுபடி தோள். சேதன இரசாயனம் அப்படித்தான் படித்தேன். ஒரு கையில் குறிப்புக் கொப்பி, மறு தோளில் பிள்ளை. அந்தத் தவணைப் பரீட்சையில் இரசாயனவியலில் எனக்கு வந்த புள்ளியை இங்கே எழுதமாட்டேன், வாப்பா இந்தச் சஞ்சிகையை வாசிப்பார். ஐந்தாறு நாளில் பிள்ளை பழகிவிட்டது. ராத்தா என்னோடு பேசத் தொடங்கியது நாலாம் நாளில்: "தேத்தண்ணி ஊத்தி வெச்சீக்கி, குடி."

ஆகவே என் தீர்ப்பைத் திருத்தி எழுதுகிறேன். விழித்திருக்கும் பிள்ளைக்கு நல்ல பொருள். தரையில், பாயின் மேல், வார் பூட்டி, ஆள் பக்கத்தில் இருக்க. கண் சொருகினால் தூக்கி மாற்றவேண்டும், எவ்வளவு அழகாகத் தூங்கினாலும். வாங்க நினைக்கும் பெற்றோர் கடையில் நிற்கும்போதே கடைசிப் பக்கத்தை வாசித்துவிடுங்கள்.

இப்போது மருமகளுக்கு ஒரு வயது. முதுகை நிமிர்த்தி, பின்காலை ஊன்றி, அதில் இருந்துதான் சோறு தின்கிறாள். முந்தாநாள் வீடியோ அழைப்பில் மச்சான் கேட்டார்: "நான் அனுப்பின கதிரையில புள்ள நல்லாத் தூங்குதா?"

ராத்தா என்னை ஒரு தரம் பார்த்தாள். "நல்லா இருந்து சோறு திங்கிது," என்று சொல்லி, தொலைபேசியைப் பிள்ளை பக்கம் திருப்பினாள்.