சைஸைப் பொறுத்து

ஓட்டல் சாப்பாட்டு வழக்கு என்று யாராவது வந்தால், பெரும்பாலும் முடி. இல்லாவிட்டால் கரப்பான் பூச்சி. சட்டக் கல்லூரியில் எங்களுக்கு அது நத்தை. 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில், ஒரு காபிக் கடையில் தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பீரைக் குடித்த பெண்மணி, பாட்டிலுக்குள் அழுகிய நத்தை கிடந்ததாக வழக்குப் போட்டார். 1932-ல் லண்டன் பிரபுக்கள் சபை கொடுத்த அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் இன்றைக்கும் யாரும் வக்கீலாக முடியாது.

2014 ஜூன் மாதம் என்னைத் தேடி வந்தவரிடம் முடியும் இல்லை, பூச்சியும் இல்லை, நத்தையும் இல்லை. மீன் ருசியாகவே இருந்தது என்று அவரே சொன்னார். சட்டைப் பையில் நாலாக மடித்த பில் ஒன்று மட்டும் இருந்தது. வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த பில். எழுத்துகள் பாதி வெளுத்துவிட்டன. முதல் வேலையாகப் பையனை அனுப்பி நாலு ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னேன். அந்தக் காகிதம் வெயில் பட்டால் வெள்ளையாகிவிடும். எத்தனையோ நல்ல வழக்குகள் அப்படி வெளுத்துப் போயிருக்கின்றன.

அவர் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளுக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். முகூர்த்தத் தேதி பேசச் சம்பந்தி வீட்டார் மே மாதம் சென்னைக்கு வந்தார்கள். வீட்டிலேயே சமைக்கலாம் என்று மனைவி சொன்னதைக் கேட்காமல், அண்ணா நகர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடலுணவு ஓட்டலுக்கு ஏழு பேரையும் அழைத்துப் போயிருக்கிறார்.

உட்கார்ந்ததும் சம்பந்தி, “சீலா இருக்கா தம்பி?” என்று கேட்டார். சப்ளையர், “சீலா இல்ல சார், வஞ்சிரம் தரட்டுமா?” என்றான். சம்பந்தி சிரித்துவிட்டார். தூத்துக்குடியில் சீலா என்றால் அதுதான் சென்னையின் வஞ்சிரம். சென்னைக்காரர்கள் சீலா என்று சொல்வது வேறு மீனை. இந்தக் கதையில் எல்லாரும் சேர்ந்து சிரித்த இடம் அது ஒன்றுதான்.

பிறகு தட்டு வந்தது. பெரிய எவர்சில்வர் தட்டு, அதில் ஐஸ் தூள், மேலே முழு முழு மீன்களாகச் சங்கரா, வவ்வால், கொடுவா, ஓரத்தில் மீசையோடு ஒரு சிங்கி இறால். “எது வேணும்னு காட்டுங்க சார், இலையில சுட்டுக் கொண்டு வரேன்.” சம்பந்தி கொடுவாவைப் பார்த்தார். அவர் பார்த்ததை இவர் பார்த்தார். உடனே கை நீட்டிவிட்டார். மெனு கார்டில் மற்றதற்கெல்லாம் விலை இருந்தது. முழு மீன்களுக்கு நேரே மட்டும் ‘ஏ.பி.எஸ்.’ என்று மூன்று எழுத்து. ஆஸ் பெர் சைஸ். “ரேட் எப்படிப்பா?” என்று மகன் மெதுவாகக் கேட்டதற்குச் சப்ளையர், “சைஸைப் பொறுத்து சார்” என்றான். அப்பா மகனைப் பார்த்த பார்வையில் மகன் வாயை மூடிக்கொண்டான்.

சோம்புக் கிண்ணத்தோடு பில் வந்தது. கொடுவா 3,850 ரூபாய். மற்ற எல்லாம் சேர்த்து 3,150. அதற்கு மேல் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் 700. அதற்கும் மேல் வாட், சேவை வரி. மொத்தம் எட்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம். கை கழுவப் போவதுபோல எழுந்து கவுண்டருக்குப் போய், கார்டு தேய்த்துக் கட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் விருந்தாளிகளை ரயிலேற்றியபின் தனியாக ஓட்டலுக்குப் போய் எடை கேட்டார். “ஒன்றரைக் கிலோ இருக்கும் சார். மீன்பிடித் தடைக்காலம் வேற” என்றாராம் மேனேஜர். அங்கிருந்து நேராகச் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட். கொடுவா கிலோ 600.

“ஒரு கிலோ விலைக்கு ஆறு மடங்குக்கு மேல வருது சார், ஒன்றரைக் கிலோன்னு எடுத்தாலும் நாலு மடங்கு” என்று கணக்கோடு வந்து நின்றார். வண்டிப் பெட்டிக்கு ஆணி எண்ணியவர், கணக்கில் பிசகமாட்டார்.

முதல் நாளே அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. “மீன் விலை அதிகம்னு கேஸ் போட முடியாது சார்.” ஓட்டல்காரர் தன் மீனுக்கு எந்த விலையும் வைக்கலாம். வாடகை, ஏசி, மாஸ்டர் சம்பளம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மூன்று வருடம் கழித்து, 2017 டிசம்பரில், ஓட்டலில் உட்கார வைத்துக் கொடுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கே அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்குவது வெறும் பாட்டில் இல்லையாம்; இடம், பரிமாறல் எல்லாம் சேர்ந்ததாம். ஆகவே எங்கள் வழக்கு விலையைப் பற்றியதாக இருக்க முடியாது. சொல்லாத விலையைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும்.

நூறு ரூபாய் டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து, பார்க் டவுனில் இருந்த சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனுத் தாக்கல் செய்தோம். நல்ல சாட்சி ஒருவர் இருந்தார். மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர், அதே மேசையில் சாப்பிட்டவர். சம்பந்தி. அவரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கினால் போதும் என்றேன். இவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். “வேண்டாம் சார். விருந்து வச்சிட்டு அதுக்குக் கேஸ் போட்டேன்னு தெரிஞ்சா என் பொண்ணு அந்த வீட்ல எப்படி இருப்பா?” அந்த வழக்கு முடியும் வரை சம்பந்திக்குத் தெரியக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். மூன்று அம்பு விட்டார். முதலாவது, மனுதாரர் மீனைக் கண்ணால் பார்த்து, கையால் காட்டி, வாயால் சாப்பிட்டு, மறுப்பே இல்லாமல் பணம் கட்டியவர். இரண்டாவது, விலையை அறியும் உரிமை 1986-ஆம் வருடச் சட்டத்தில் 6-வது பிரிவில்தான் இருக்கிறது. அது நுகர்வோர் கவுன்சிலின் நோக்கங்களைச் சொல்லும் பிரிவே தவிர, யாரும் எடுத்து வீசக்கூடிய உரிமை அல்ல. மூன்றாவதுதான் கூர்மையானது: ஓட்டலில் மீன் விற்கப்படுவதில்லை, பரிமாறப்படுகிறது, ஆகவே எடைச் சட்டத்துக்கு இங்கே வேலையில்லை.

அந்த மூன்றாவது அம்புக்கு வயது அதிகம். ஓட்டலில் சாப்பாடு போடுவது ‘விற்பனை’ அல்ல என்று 1978-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் விற்பனை வரி போய்விடுமே என்று 1982-ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள், 46-வது திருத்தம். வரிக்கு மட்டும் விற்பனை, மற்றதற்கு? அன்றிரவு வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியிடம் இதை விளக்கினேன். அவள் கல்லைப் பார்த்தபடியே, “பரிமாறத்தான் செய்யிறாங்கன்னா தட்டுக்கு ஒரு விலை போட வேண்டியதுதானே? சைஸைப் பொறுத்துன்னா அளந்துதானே ஆகணும்?” என்றாள். மறுநாள் என் வாதக் குறிப்பில் அதை அப்படியே இறக்கினேன். இதுவரை அவளுக்கு ஃபீஸ் கொடுக்கவில்லை.

நுகர்வோர் மன்றத்தில் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். வினாப் பட்டியல் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கலாம். நான் நாலே கேள்வி கேட்டேன். மீனை எடை போட்டீர்களா? எந்தத் தராசில்? அதற்கு எடையளவுத் துறையின் முத்திரை உண்டா? எடையை வாடிக்கையாளரிடம் எப்போது சொன்னீர்கள்? மேனேஜரின் பதிலை இன்றும் ஃபைலில் வைத்திருக்கிறேன்: எங்கள் மாஸ்டர் இருபது வருட அனுபவம் உள்ளவர், கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார்.

தலைவராக இருந்த ஓய்வு பெற்ற நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். “அந்த மாஸ்டர் கையில வருஷா வருஷம் யார் முத்திரை போடறாங்க?” என்று கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீலே குனிந்து சிரித்தார். தடைக்காலச் சமாதானமும் நிற்கவில்லை. அந்த வருடம் கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் மே 29 வரை, 45 நாள். பிற்பாடுதான் 61 நாளாக்கினார்கள். ஆனால் சிந்தாதிரிப்பேட்டைக்கும் அதே தடைதானே? போதாததற்குக் கொடுவா பண்ணையிலும் வளரும் மீன். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமே பண்ணைக்காரர்களுக்குக் கொடுவாக் குஞ்சு கொடுக்கிறது. விசைப்படகு கட்டிக் கிடந்தாலும் குட்டையில் கொடுவா நீந்திக்கொண்டுதான் இருக்கும்.

எல்லாம் எங்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தபோது பெண் உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கட்சிக்காரரை நேராகக் கேட்டார்: “அதெல்லாம் சரிங்க. மார்க்கெட்ல அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசுவோம். அங்க நீங்க ஏன் விலை கேக்கலை?”

இவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு, “சம்பந்தி பக்கத்துல இருந்தாரும்மா” என்றார்.

அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. உறுப்பினர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார். ஏ.பி.எஸ். என்ற அந்த மூன்று எழுத்தின் தொழில்நுட்பம் எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. மீன்காரம்மாவிடம் விலை கேட்பது சாமர்த்தியம். விருந்தாளி முன்னால் கேட்பது கஞ்சத்தனம். கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதாமல் விடுகிறார்கள். விற்பவன் முதலில் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்பது வாங்குபவனின் பணத்துக்காக மட்டும் இல்லை, அவன் மானத்துக்காகவும்தான்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் வழக்கு, இரண்டு வருடம் நாலு மாதத்தில் முடிந்தது. மீனின் விலை நியாயமா என்பதற்குள் மன்றம் போகவில்லை. அளவைப் பொறுத்து விலை என்று சொல்லிவிட்டு, அளவையும் விலையையும் சமைப்பதற்கு முன் சொல்லாதது சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்றது. மன உளைச்சலுக்கு 3,000, செலவுத் தொகை 2,000. இனிமேல் எடையும் நூறு கிராம் விலையும் சொல்லியே ஆர்டர் எடுக்க வேண்டும். சேவைக் கட்டணத்தில் தோற்றோம். மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இன்றைக்கானால் அதிலும் தோற்றிருக்கமாட்டோம். சேவை வரி அரசாங்கத்துக்குப் போனது. சேவைக் கட்டணம் ஓட்டலிலேயே தங்கியது. பெயர் ஒன்றுபோல இருந்ததால் இரண்டையும் வரி என்றே ஜனங்கள் கட்டினார்கள். விரும்பினால்தான் கொடுக்கலாம் என்று 2017 ஏப்ரலில் மத்திய அரசு சொன்னது. தானாக பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. எதிர்த்தரப்பு வக்கீலின் இரண்டாவது அம்பும் முறிந்தது: 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், விலையை அறிவதை நுகர்வோர் உரிமை என்று வரையறையிலேயே எழுதிவிட்டது. ஐந்து லட்சம் வரைக்குமான மனுவுக்கு இப்போது நூறு ரூபாய்க் கட்டணமும் இல்லை.

தீர்ப்பு நகல் வாங்கிய அன்று மாடிப்படியில் நின்று இவர் கேட்டார்: “சார், உங்க ஃபீஸ் எவ்வளவு?” இரண்டு வருடமாக அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழக்க தோஷத்தில், “அதெல்லாம் பார்த்துக் கொடுங்க சார்” என்று சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அதுவும் ஏ.பி.எஸ்.தானே? தொகையைச் சொன்னேன். கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரருக்கும் முதல் நாளே ஃபீஸ் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் மகளின் வளைகாப்புக்குக் கூப்பிட்டிருந்தார். பந்தியில் என் பக்கத்து இலை சம்பந்தி. கேஸ் விஷயம் எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. பாயசத்தை முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“ஒன்றரைக் கிலோவாமே வக்கீல் சார்? தட்டுல பாக்கும்போதே தெரியும், அது ஒரு கிலோவே தேறாது. வாய் வரைக்கும் வந்துச்சு.”

“சொல்லியிருக்கலாமே சார்?”

“எப்படிச் சொல்றது? வாங்கிக் குடுக்கிறவர் சம்பந்தியாச்சே.”