ஸலாம் சொல்லித் திறக்கும் திரை

பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் ஊரிலுமாக வாழும் குடும்பங்களில், கணினி தகராறு செய்தால் யாரை அழைப்பது என்பது சிறிய கேள்வியன்று. எங்கள் வாப்பாவும் உம்மாவும் அதிராம்பட்டினத்தில் இருக்கிறார்கள். நாங்கள் மூவரும் ரியாத்திலும் ஷார்ஜாவிலும் இருக்கிறோம். வீட்டு வாடகை, தென்னந்தோப்பு வரவு, ஆண்டுதோறும் பார்க்கும் ஜகாத் கணக்கு அனைத்தும் ஊர்க் கணினியின் எக்செல் கோப்புகளில்தான் உள்ளன.

முன்பெல்லாம் தொலைபேசியில் வழிகாட்டுவோம். "மேலே இடப்பக்கம் என்ன தெரிகிறது வாப்பா?" என்று நாங்கள் கேட்க, "எல்லாந்தான் தெரியுது" என்று அவர்கள் சொல்ல, அரை மணி நேரம் கழிந்துவிடும். இப்போது குரோம் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அக்கணினியின் திரை எங்கள் டேப்லெட்டிலேயே விரிகிறது. திரையின் படம் இங்கே வருகிறது. எங்கள் விரலசைவும் தட்டும் எழுத்தும் அங்கே செல்கின்றன. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கைபேசியிலும் முடியும். ஆனால் எக்செல் கட்டங்களை அச்சிறு திரையில் தேடுவது அரிசியில் கல் பொறுக்குவதற்கு ஒப்பாகும். ஊரில் மின்சாரம் நின்றுவிட்டாலோ, கணினி உறக்க நிலைக்குச் சென்றுவிட்டாலோ எதுவும் நடவாது.

இதில் இரு வழிகள் உண்டு. குறைந்தது 6 இலக்க ரகசிய எண்ணை ஒருமுறை அமைத்துவிட்டால், அந்தக் கூகுள் கணக்கின் மூலம் நினைத்தபோதெல்லாம் நுழையலாம். மற்றது ஒருமுறைக் குறியீடு. கணினியின் முன் இருப்பவர் 12 இலக்க எண்ணை உருவாக்கிச் சொல்ல வேண்டும். 5 நிமிடங்களில் அது காலாவதியாகும். எண்ணை நாம் இட்ட பிறகும் அவர் இசைவு தந்தால்தான் திரை திறக்கும். 30 நிமிடங்களுக்கு ஒருமுறை, தொடரலாமா என்று அவரிடமே அது கேட்கும்.

எங்களில் இளையவர் முதல் வழியையே விரும்பினார். வாப்பா மறுத்துவிட்டார்கள்.

"பெத்த பிள்ளையானாலும் ஸலாம் சொல்லித்தானே வீட்டுக்குள்ள வர்றீங்க? இதுல நாலு பேருக்குக் கைமாத்துக் கொடுத்த கணக்கும் இருக்கு. என்னை நம்பித்தான் கஷ்டத்தைச் சொன்னாங்க, உங்களை இல்லை."

அனுமதி பெற்று, ஸலாம் உரைத்துப் பிறர் வீட்டில் நுழையுமாறு சூரத்துந் நூர் கற்பிக்கும் ஒழுங்கைத் திரைக்கும் பொருத்திய அவர்களின் தீர்ப்பே சரியெனக் கருதுகிறோம். அமானிதம் என்பது பணத்துக்கு மட்டும் உரியதன்று. அதனால் சற்று அசௌகரியந்தான்: வெள்ளிக்கிழமை ரியாத்தில் பகல் 1.30 ஆகும்போது ஊரில் மாலை 4; அந்த வேளைக்கு எல்லாரும் காத்திருக்கிறோம். கைமாற்றுக் கோப்பை மூடிவிட்டே வாப்பா எண்ணைச் சொல்கிறார்கள்.

இந்தப் பழக்கம் உம்மாவுக்குக் கைகொடுத்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்து, கைபேசியில் ஒரு செயலியை நிறுவி அதில் தோன்றும் எண்ணைச் சொல்லுமாறு அவசரப்படுத்தினார்.

"எங்க புள்ளைங்களே கேட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. நீங்க யாரு?" என்று உம்மா அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அந்த எண் போயிருந்தால், வங்கி அனுப்பும் ஓடிபி உட்படக் கைபேசித் திரை முழுவதும் அந்நியர் கண்ணில் பட்டிருக்கும். இத்தகைய மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தது. யாரேனும் ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணையும் தம் வங்கியையும் அழைக்க வேண்டும். அந்த எண்ணை உம்மா இப்போது அடுக்களை நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.