ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காடு

பழவேற்காட்டில் ராக்கெட் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். கடற்கரை மணலில் நின்று வடக்கே பார்த்தால் போதும். முதலில் அடிவானத்தில் ஒரு வெளிச்சம். பிறகு புகைக்கோடு மேலே ஏறும். முழக்கம் காதுக்கு வந்துசேர ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே!

அன்று இன்னொன்றும் கண்ணில் படும். கடலில் இருக்க வேண்டிய ஃபைபர் படகுகள் வரிசையாகக் கரையில் கிடக்கும். ராக்கெட்டின் எரிந்து முடிந்த பாகங்கள் கடலில்தான் விழும் என்பதால், ஏவும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். நமக்கு அது வேடிக்கை பார்க்கும் நாள். குப்பத்துக்கு அது வருமானம் இல்லாத நாள். ஏவுதல் தள்ளிப்போனால் இன்னொரு நாளும் கரையில்தான்.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. கிழக்கே திறந்த கடல் இருப்பதால் 1969-ல் இந்த இடத்தைத் தேர்வு செய்தார்கள். தீவில் வாழ்ந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள். 1971 அக்டோபர் 9-ம் தேதி ரோகிணி-125 என்ற சிறிய ராக்கெட் முதன்முதலாக இங்கிருந்து பறந்தது.

இங்கிருந்து அடிக்கடி கிளம்பும் பி.எஸ்.எல்.வி.யின் பெயரிலேயே 'துருவம்' இருக்கிறது. வட துருவம், தென் துருவம் இரண்டின் மேலும் சுற்றிவரும் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோகவே அதை உருவாக்கினார்கள். கோள் வடக்கு தெற்காகச் சுற்ற, கீழே பூமி தன்பாட்டுக்குச் சுழல, உலகம் முழுவதும் அதன் பார்வைக்கு வந்துவிடும். நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வரும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், பிறகுதான் தெற்கே திரும்புகிறது.

1999 மே 26-ல் அப்படிப் போன ஒரு கோள் ஓஷன்சாட்-1. சுமார் 720 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது கடலின் நிறத்தை அளந்தது. நுண்பாசி அதிகமுள்ள இடத்தில் தண்ணீரின் நிறம் மாறும். பாசியைத் தேடி மீன் வரும். இந்த நிறத்தையும் கடலின் வெப்பநிலையையும் வைத்து, மீன் கூடும் இடங்களை ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் மீனவர்களுக்குச் சொல்கிறது. 2022 நவம்பரில் போன ஓஷன்சாட்-3 வரை இந்த வேலை தொடர்கிறது.

தண்ணீரின் நிறம் பார்த்து வலை வீசுவது மீனவர்களுக்குப் பழைய பாடம். ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைக்கூட 'பாடு' என்று முறை வைத்துப் பிரித்துக்கொண்டு, ஒருவர் பிழைப்பில் இன்னொருவர் கைவைக்காமல் வாழ்பவர்கள் இவர்கள். படகைக் கரையில் நிறுத்தி ராக்கெட்டுக்கு வழிவிடும் இவர்களுக்கு, அந்த ராக்கெட் மீன் இருக்கும் இடத்தைச் சொல்லித் தருகிறது. நல்ல கைம்மாறுதான். ஆனால், அன்றைய அடுப்புக்கு அது பதில் ஆகாது. அந்த ஒரு நாள் கூலியையும் ராக்கெட்டின் செலவுக் கணக்கில் சேர்த்தால் என்ன?

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். டச்சுக் கல்லறைகளைப் பாருங்கள். குளிர்காலம் என்றால் பூநாரைகளையும் பாருங்கள். ராக்கெட் நாளில் போனால், வானத்தைப் பார்த்த பிறகு கரையில் நிற்கும் படகுகளையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள்.