வட்டத்திற்கு வெளியே

நெய்வேலியில் வாழும் எங்களுக்கு 'வட்டம்' என்ற சொல் முதலில் முகவரியைத்தான் நினைவூட்டும். "எந்த வட்டம்?" என்று கேட்டறிந்த பின்னரே இங்கே இருவர் பேச்சைத் தொடர்வர். ஆயினும் தொழிற்சாலை வாயிலைக் கடந்தால் அச்சொல்லுக்கு மற்றுமொரு பொருள் உண்டு. அது தரவட்டம்.

ஒரே பணியைச் செய்யும் சிலர் குறித்த வேளையில் கூடி அமர்கின்றனர். தம் வேலையில் காணும் குறையொன்றைத் தாமே தேர்ந்து, அதன் காரணத்தைத் தேடி, தாமே தீர்வும் காண்கின்றனர். 1962 இல் ஜப்பானில் பேராசிரியர் இஷிகாவாவின் முயற்சியால் உருப்பெற்ற இம்முறை, 1980 இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் வழியாக இந்தியாவில் கால்கொண்டது. சென்னைப் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998 இல் டெமிங் பரிசு பெற்றபோது, தர மேம்பாடு நம் மண்ணிலும் வேரூன்றும் என்பது உறுதியாயிற்று.

இதன் அடிப்படை மிக எளியது. சுமப்பவனுக்கே சுமையின் எடை தெரியும். ஆகவே அவனைக் கேளுங்கள் என்பதே அது. எடுத்துக்காட்டாக, சுரங்கத்தில் மண் சுமக்கும் கன்வேயர் பெல்ட் ஒன்று நின்றுவிட்டது எனக் கொள்வோம். ஏன் நின்றது? உருளை சுழலவில்லை. ஏன் சுழலவில்லை? ஈரக் களிமண் அப்பிக்கொண்டது. ஏன் அப்பியது? மண்ணை வழிக்கும் தகடு தேய்ந்திருந்தது. தேய்ந்ததை ஏன் எவரும் காணவில்லை? அதைப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் தரப்படவில்லை. முதல் விடையோடு நின்றிருந்தால் புதிய உருளை வாங்கியிருப்போம். அடுத்த மழையில் அதுவும் நின்றிருக்கும். கடைசி விடைவரை சென்றதால், வாரம் ஒருமுறை தகட்டைப் பார்க்க ஓர் ஆளை நியமிப்பதோடு வேலை முடிகிறது. குற்றவாளியைத் தேடாமல் காரணத்தைத் தேடுவது எத்துணை பெரிய பண்பு! இல்லறத்திலும் இது பயன்படும் அன்றோ?

டொயோட்டா நிறுவனத்தின் தாயிச்சி ஓனோ விரயத்தை ஏழாக வகுத்தார். தேவைக்கு மேல் ஆக்குவது, காத்திருப்பது, பொருளை வீணே இடம் மாற்றுவது, தேவையற்ற வேலை செய்வது, குவித்து வைப்பது, வீண் நடை நடப்பது, பழுதாகச் செய்து பின் திருத்துவது ஆகியன அவை. இவற்றுள் முதலாவதே மற்றவற்றின் தாய் என்றார் அவர். திருவிழா விருந்துக்கு எத்தனை பேர் வருவர் என்று எண்ணாமல் உலை வைக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஐயாயிரம் பேர் உண்டு நிறைவுற்ற பின்னும் மீந்த துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்ன ஆண்டவரை வணங்கும் நாம், நிறைவிலும் சிக்கனம் வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டியவர்கள்.

எங்கள் ஊரின் பிறப்பிலேயே இப்பாடம் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருநிறப் பொருளும் வெளிப்பட்டது. வேண்டாத கழிவென்று அதை ஒதுக்காமல், என்னவென்று கேட்டதால் விளைந்ததே நெய்வேலி. 1956 இல் நிறுவனம் பதிவாயிற்று. 1961 இல் நிலக்கரி வெளிப்பட்டது. ஆனால் நிலக்கரிப் படிவத்தின் கீழே அழுத்தம் மிக்க நிலத்தடி நீர் இருந்தது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடில், சுரங்கத்தின் தரையையே அது பிளந்துவிடும். அவ்வாறு இறைத்த நீரை வீணே விடாமல் அனல்மின் நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் பயன்படுத்தினர். அகழ்ந்த மேல்மண்ணைக் கொண்டு பழைய குழிகளை நிரப்பி மரம் வளர்த்தனர். சாம்பல் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறுகிறது.

இவை போற்றத்தக்கவை. எனினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. கழிவைப் பயன்படுத்துவது இரண்டாவது அறம். கழிவே உண்டாகாமல் காப்பது முதலாவது அறம். இறைத்த நீர் பயன்பட்டது என்று ஒரு கணக்கேடு மகிழ்கையில், சுற்றியுள்ள சிற்றூர்களில் நீர்மட்டம் தாழ்ந்ததெனக் கலங்கும் உழவரின் கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது?

2023 சூலையில் வளையமாதேவியில் கால்வாய்ப் பணிக்காக, விளைந்து வந்த நெற்பயிரின் மீது எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடைவரை காத்திருக்க இயலாதா என்ற வினா உயர்நீதிமன்றத்திலும் எழுந்தது. ஓனோவின் பட்டியலில் காத்திருப்பது ஒரு விரயம். அந்த வயலிலோ காத்திராததே விரயமாயிற்று. பட்டியலை வைத்திருப்பது மட்டும் போதாது. யாருடைய இழப்பை எண்ணுகிறோம் என்பதும் தெரிய வேண்டும்.

அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 2020 மே, சூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்துக் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். ஒப்பந்தத் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். பழுதான உருளையை மாற்றலாம். வீணான மணிநேரத்தை ஈடுசெய்யலாம். வீடு திரும்பாத தந்தையை எந்தத் திட்டத்தால் திருப்பித் தர இயலும்?

தரம் என்பது மிச்சப்படுத்தும் கலை மட்டுமன்று. செவிமடுக்கும் கலையும் ஆகும். எந்திரத்தின் ஓசை மாறியதை முதலில் அறிபவன் அதன் அருகில் நிற்பவன். அவன் நிரந்தரப் பணியாளனா, ஒப்பந்தத்தில் வந்தவனா என்பதை எந்திரம் பார்ப்பதில்லை. ஆனால் வட்டமாக அமரும்போது நாற்காலி யாருக்கு இடப்படுகிறது என்பதை நாம் பார்க்க வேண்டும். அவன் கண்டதைச் சொல்ல அஞ்சினாலோ, சொல்லியும் எவரும் கேளாவிடினோ, அதுவே எட்டாவது விரயம். மற்ற ஏழையும் விடக் கொடியது.

நம் நிறுவனங்களிலும், பங்கு மன்றங்களிலும், இல்லங்களிலும் குறை நீக்கக் கூடும்போதெல்லாம் முதலில் ஒன்றைக் கேட்போம்: இங்கே வந்து அமர வேண்டியவர் யார் இன்னும் வெளியே நிற்கிறார்? அவருக்கு இடம் விட்டு அமர்ந்த பின்னர், மற்ற 'ஏன்'களைத் தொடங்குவோம்.