கடன்காரன் போட்ட சண்டை

போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் மாணவர் ஒருவர் கேட்டார்: ‘‘வெள்ளைக்காரனை மூட்டை கட்ட வைத்தது அமெரிக்காவா, ரஷ்யாவா சார்?’’ மேடையில் ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அவருக்கும் உங்களுக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்வோம். 1956.

எகிப்தில் நைல் நதிக்குக் குறுக்கே அஸ்வானில் பெரிய அணை கட்ட வேண்டும் என்பது நாசரின் கனவு. பணம் தருவதாகச் சொல்லியிருந்த அமெரிக்கா, அவர் கம்யூனிஸ்ட் நாடுகளோடு நெருங்குவது பிடிக்காமல் ஜூலை 19 அன்று கையை விரித்தது. ஏழே நாள். அலெக்ஸாண்ட்ரியா பொதுக்கூட்டத்தில் பேசிய நாசர், சூயஸ் கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெஸப்ஸின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டத்துக்கு அது வெறும் பெயர். ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய ஆட்களுக்கு அது சங்கேத வார்த்தை. அன்று ராத்திரியே கால்வாய் கம்பெனி எகிப்தின் கைக்கு வந்துவிட்டது. ‘கப்பல்கள் கட்டும் சுங்கத்தில் அணை கட்டிக்கொள்கிறோம்’ என்றார் நாசர்.

கம்பெனியின் பெரிய பங்குதாரர் பிரிட்டிஷ் அரசாங்கம். பிரதமர் ஈடன் கொதித்துப்போனார். அக்டோபர் 24 அன்று பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூவரும் ரகசியமாக ஒப்பந்தம் போட்டார்கள். இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும். உடனே மற்ற ரெண்டு பேரும் சமாதானம் செய்ய வந்தவர்கள் மாதிரி நுழைந்து கால்வாயைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்துத் தெருக்காரனைக் கல்லெறியச் சொல்லிவிட்டு, ‘என்னப்பா இங்கே தகராறு?’ என்று பஞ்சாயத்துக்கு வருவார்களே, அதே கதை! ஒப்பந்தத்தின் தன் பிரதியை ஈடன் அழித்துவிட்டார். இஸ்ரேலின் பிரதி தப்பிவிட்டது. அதனால்தான் இன்று நமக்கு எல்லாம் தெரிகிறது.

அக்டோபர் 29-ல் சண்டை ஆரம்பம். தன்னிடம் மறைத்துவிட்டார்களே என்று ஐசனோவருக்குக் கடும் கோபம். அவர் ஒரு குண்டுகூடப் போடவில்லை. உலகப் போரிலேயே கடனாளியான பிரிட்டனின் பவுண்டு அப்போது சரிந்துகொண்டிருந்தது. ஐ.எம்.எஃப்-பிடம் கை நீட்டினால், அமெரிக்கா குறுக்கே நின்றது. சண்டையை நிறுத்து, அப்புறம் பேசலாம்! நவம்பர் 6 நள்ளிரவில் போர் நின்றது. ரஷ்யாவும் ராக்கெட்டைக் காட்டி மிரட்டியது உண்மைதான். ஆனால், லண்டனைப் பணிய வைத்தது ராக்கெட்டை விடக் காலி கஜானாதான்.

போர்க்களத்தில் தோற்ற நாசருக்குக் கால்வாய் மிஞ்சியது. ஈடனுக்கு 1957 ஜனவரியில் பதவி போனது. அதே வருஷம் கானாவும் மலாயாவும் சுதந்திரம் பெற்றன. அஸ்வான் அணை? ரஷ்ய உதவியோடு 1970-ல் கட்டி முடித்தார்கள்.

கதையை இங்கேயே முடித்தால் கைதட்டிவிட்டுப் போகலாம். எனக்கு உறுத்துவது வேறு. அதே வாரம், நவம்பர் 4 அன்று, சுதந்திரம் கேட்ட ஹங்கேரிக்குள் ரஷ்ய டாங்கிகள் புகுந்தன. எகிப்துக்காகக் குரல் கொடுத்த ரஷ்யா, புடாபெஸ்ட் தெருக்களில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. சூயஸில் நியாயம் பேசிய அமெரிக்கா அங்கே அனுதாபத்தோடு நிறுத்திக்கொண்டது. எகிப்துக்காக உடனே கொதித்த நம் நேருகூட ஹங்கேரி விஷயத்தில் தயங்கினார். ஐ.நா. வாக்கெடுப்பில் நவம்பர் 4 அன்று இந்தியா எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை. ரத்தம் ஒரே நிறம்தான். கண்டனத்தில்தான் வித்தியாசம்.

ஆகவே தம்பி, ரெண்டு வல்லரசுகளுமே யாருக்கும் விடுதலையைத் தூக்கிக் கொடுக்கவில்லை. விடுதலையைக் கேட்டது அந்தந்த ஊர் ஜனங்கள். எஜமானனுக்குக் கட்டுப்படியாகாத இடத்தில் அது சீக்கிரம் கிடைத்தது. கட்டுப்படியான இடத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹங்கேரியை விட்டுக் கடைசி சோவியத் துருப்புகள் கிளம்பியது 1991 ஜூனில். அதற்குள் மாஸ்கோவும் கடன்காரனாகியிருந்தது.