லால்பேட்டைக்கு வந்தால் கொஞ்சம் மெல்லுங்கள்!

'ஒயின் ஷாப்' என்று போர்டு மாட்டிய கடைகளில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைத்த ஒரே மாநிலம் நம்முடையதாகத்தான் இருக்கும். பிராந்தி, ரம், பீர், அவித்த முட்டை, பக்கத்து பெஞ்ச்காரரின் காதல் தோல்வி... ஒயின் கேட்டால் மட்டும் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். 2003-இல் சில்லறை விற்பனையை அரசாங்கமே எடுத்துக்கொண்டு டாஸ்மாக் ஆக்கிவிட்டது. ஜனங்கள் வாயில் அது இன்னமும் ஒயின் ஷாப்தான்!

நமக்குக் குடிப்பதென்றால் மடக்கென்று ஊற்றிக்கொண்டு, முகத்தை அஷ்டகோணலாக்கி, ஊறுகாயை நக்குவது. பிரெஞ்சுக்காரன் கிளாஸைச் சுழற்றுகிறான், மூக்கை நுழைக்கிறான், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுகிறான். மீனுக்குப் புளிப்பான வெள்ளை ஒயின், ஆட்டுக்கறிக்குத் துவர்ப்பான சிவப்பு. சும்மா பந்தா இல்லை சார், விஷயம் இருக்கிறது. புளிப்பு, வாயில் படிந்த கொழுப்பைக் கழுவி விடுகிறது. சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் டானின். நம் டீயில் இருக்கிற அதே சமாசாரம். அது கறியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, இரண்டின் முரட்டுத்தனமும் அடங்கிவிடுகிறது. பத்தாவது கவளமும் முதல் கவளம் மாதிரியே ருசிக்கும்.

ஒயின் நம் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் இருக்கும் அரிக்கமேட்டை 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய காலி பாட்டில்கள்!

ஆனால் சாப்பாட்டோடு ஒன்றைச் சேர்த்து ரசிக்கிற வித்தையைப் படிக்க பாரிஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். சிதம்பரத்துக்கு மேற்கே, காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் லால்பேட்டை இருக்கிறது.

"லால்பேட்டையில் ஒயினா!" என்று பதறாதீர்கள். 1862-இல் தொடங்கிய மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி இருக்கும் ஊர். அங்கே போய் 'அந்த' வார்த்தையை வாயில் எடுத்தால் நான் பொறுப்பில்லை. இங்கே பிரியாணிக்குத் துணை கிளாஸில் வருவதில்லை. கொடியில் வருகிறது. வெற்றிலை!

ஊருக்குப் பக்கத்தில் கடல் மாதிரி வீராணம் ஏரி. பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் குதிரையில் அறிமுகமாவது இதன் கரையில்தான். இந்தத் தண்ணீர் பாயும் பக்கம் லால்பேட்டை, கொள்ளுமேடு, எள்ளேரி, மானியம் ஆடூர் என்று கொடிக்கால்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். வரிசையாக நிற்கும் அகத்திகளுக்கு நடுவே நுழைந்தால் அரை இருட்டு, ஈரக் குளிர்ச்சி. அகத்தியைக் கட்டிப்பிடித்து ஏறியிருக்கிறது கொடி. பிரெஞ்சுக்காரர்கள் நிலவறையில் பீப்பாய்களை அடுக்கி வைப்பார்களே, அந்தக் குளிர்ச்சிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை இது.

இனி டேஸ்டிங். கல்யாணப் பிரியாணி, கத்திரிக்காய் தாளிச்சா, வெங்காயப் பச்சடி எல்லாம் ஆன பிறகு கொழுந்து ஒன்று, முற்றியது ஒன்று என இரண்டு இலை எடுங்கள். காம்பையும் நுனியையும் கிள்ளி எறிந்து, துடைத்து, முதுகு நரம்பை உரியுங்கள். உடனே வாயில் போடாதீர்கள். கிழித்த ஓரத்தை முகருங்கள். என்ன வாசனை? லவங்கம்!

பிரமை இல்லை. லவங்கத்துக்கு மணம் தருவது யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள். வெற்றிலையிலும் அது உண்டு. பிரியாணியில் நெய்யில் பொரிந்த லவங்கமும் கடைசியில் மெல்லும் இலையும் ஒரு வகையில் பங்காளிகள். நெருப்புக் காட்டிய ஓக் பீப்பாயில் ஊறிய சிவப்பு ஒயினில் லவங்க வாசனை வருகிறது என்று நிபுணர்கள் கண்ணை மூடிச் சொல்வதும் இதே யூஜினாலைத்தான். அவர்கள் அதற்குப் பீப்பாய் செய்து, வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நம்ம ஆளுக்கு அது கொடியிலேயே இருக்கிறது.

இப்போது மெல்லுங்கள். கொழுந்து மெத்தென்று கரையும், காரம் மெதுவாக வரும். முற்றிய இலை எடுத்த எடுப்பிலேயே சுருக்கென்று கேட்கும். கரூர், பரமத்தி பக்கத்து வியாபாரிகள் இளங்கால், முதிகால் என்று பிரித்து விலை சொல்வது சும்மாவா? நெய்ப் பிசுக்குப் போய் வாய் சுத்தமானதும் 'இன்னொரு கரண்டி பிரியாணி வைங்க பாய்' என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், தப்பில்லை.

பாக்கு வேண்டாம். வெற்றிலைக்கு உடன்பிறப்பு மாதிரி அது கூடவே வந்தாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. புகையிலை பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு ஏலக்காய் போதும். துப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒயின் நிபுணர்களும் துப்புகிறவர்கள்தான். ஆனால் அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு ஆபீஸ் மாடிப்படி மூலை!

இந்த இலையை வளர்ப்பது சூதாட்டம். காலடியில் எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகி, கொடி வாடிவிடும். வீராணத்தின் முழு மட்டம் 47.5 அடி. ஏரி நிரம்பி வழிகிற நாளில் உபரி நீரை லால்பேட்டையில்தான் வெள்ளியங்கால் ஓடையில் திறந்து விடுவார்கள். வருஷமெல்லாம் சோறு போட்ட ஏரியே எமனாகவும் வரலாம். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டமே மிதந்தது ஞாபகம் இருக்கும். காற்றும் சளைத்ததில்லை. 2011 டிசம்பரில் வந்த 'தானே' மாதிரி ஒரு புயலுக்கு அகத்தி எம்மாத்திரம்? அகத்தி சாய்ந்தால் கொடியும் சேர்ந்து சாயும்.

ஊர்ப் பெயரைச் சொல்லி விற்பதில் பிரெஞ்சுக்காரன் கில்லாடி. எந்த ஊர் ஒயினுக்கு எந்தப் பெயர் என்று 1935-லேயே சட்டம் போட்டுவிட்டான். நம் பக்கத்தில் ஆத்தூர், சோழவந்தான் வெற்றிலைகளுக்கு 2023-லும் கும்பகோணத்துக்கு 2025-லும் புவிசார் குறியீடு வந்தது. அந்த வரிசையில் லால்பேட்டை இல்லை. ஊர்ப் பையன்கள் பலர் வளைகுடாவில். கல்யாண வீட்டுத் தட்டில் வெற்றிலையைத் தள்ளிவிட்டு ஐஸ்கிரீம் பக்கம் போகிற கூட்டம் பெருகிவிட்டது. சாப்பிட ஆள் இல்லாவிட்டால் பட்டயம் வந்தும் கொடிக்காலுக்கு என்ன லாபம்?

போனால் ஒரு கவுளி வாங்குங்கள். நூறு இலை. ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தால் வாடாது. பணம் கொடுக்கும் முன் நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கிழித்து முகர்ந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால், "டேஸ்டிங், பாய்!" என்று சொல்லிக்கொள்ளலாம்.